துரைக்குச் சாப்பாடு போடுகிறவள்

“சாப்பாடு போட்டுட்டு வந்திர்றேன்மா, கொஞ்சம் உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை ஷைனி கதவுக்குள்ளே போய்விட்டாள். சண்முகக்கனி ஆஸ்பத்திரியின் அந்த ஆராய்ச்சி மாடியில், கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியின் குளிர் சேலையைத் தாண்டி ஏறியது. கோவில்பட்டியிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்த உடம்பு இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. கதவிலே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியே பார்த்தால் வெள்ளை வெளிச்சமும் நீலத் தொப்பி போட்ட ஷைனியின் தலையும்தான் தெரிந்தன. கை தெரியவில்லை. எதை எடுக்கிறாள், எதில் ஊற்றுகிறாள், ஒன்றும் தெரியவில்லை. சாப்பாடு என்கிறாள். போனில் பேசும்போதும் அப்படித்தான் சொல்வாள், தினமும் சாப்பாடு போடணும்மா, ஞாயித்துக்கிழமையும் வந்திருவேன், ஒருநாள் விட்டாலும் வாடிரும் என்று. செடிக்குச் சொல்கிற மாதிரி. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி. ஆனால் அது செடியும் இல்லை, மாடும் இல்லை. துரை. சண்முகக்கனி பெற்ற ஒரே மகன். முழுப்பேர் இசக்கித்துரை, வீட்டில் துரை. நாளைக் கழித்து மறுநாள் வந்தால் அவன் கண்ணை மூடி ஒரு வருசம் ஆகிறது. இந்தப் பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு அவனுக்குச் சாப்பாடு போட உள்ளே போகிறாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். நிறுத்திருங்க. அதைச் சொல்லத்தான் அவள் புருசன் ஆவுடையப்பன் ரயிலேற்றி அனுப்பியிருக்கிறார். அன்றைக்குத் துரை கையில் தோல் எடுக்கும்போதே பெரிய டாக்டர் சொல்லிவிட்டார், உங்களுக்கு எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்ப வந்து சொல்லுங்க, எடுத்து அழிச்சிருவோம், ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டோம் என்று. கேட்க மாட்டார்களாம். கேட்டாலாவது நாலு வார்த்தை பேசலாம், மனசு கொஞ்சம் ஆறும். நிறுத்திருங்க. ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அதையே சொல்லிப் பார்த்தாள். சாத்தூர் தாண்டுகிறவரைக்கும் நிறுத்திருங்க என்றுதான் இருந்தது. அப்புறம் அது கல்லாக உறுத்தியது. போதும்மா என்று சொல்லலாமா என்று யோசித்தாள். கடையில் சாம்பார் ஊற்றுகிறவனிடம் கையைக் காட்டிச் சொல்கிற வார்த்தை அது. விட்டுருங்க. அதுதான் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, பிடித்து வைத்திருக்கிற கையைத் தளர்த்தச் சொல்கிற மாதிரி. ஆனால் விட்டுருங்க என்றால் அந்தப் பிள்ளைக்குப் புரியுமா, எதை விடணும் என்று கேட்டால் என்ன சொல்வது. என் மகனை விட்டுருங்க என்றா. மதுரை வந்தது, திண்டுக்கல் வந்தது, வார்த்தை மட்டும் வாய்க்குள் அடங்காமல் உருண்டுகொண்டே வந்தது. இப்போதும் உருளுகிறது. நாக்கு வறண்டு போயிருந்தது. கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு தண்ணி பாட்டிலையும் வாசலில் காவலுக்கு இருந்த ஆள் வாங்கி வைத்துக்கொண்டார். இந்த மாடிக்குத் திங்கிற சாமான் எதுவும் கொண்டு போகக்கூடாதாம். விடிந்தால் அடைந்தால் சாப்பாடு போடுகிற இடத்துக்குத் திங்கிற சாமான் கொண்டு போகக்கூடாதாம். துரை இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பான். அவனுக்குச் சிரிக்கத்தான் எதுவும் வேண்டாமே, கையும் காலும் ஓய்ந்த பிறகு அவனிடம் முழுசாக இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

பத்து வயசு வரைக்கும் ஓடினவன். பிறகு படி ஏறும்போது தொடையில் கையை ஊன்றி ஏறினான். சோம்பேறிப் பயல் என்று ஆவுடையப்பன் ஒருநாள் அதட்டினார், அந்த அதட்டலை அவர் இன்னும் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும், தூக்கத்தில் சில நாள் பல்லைக் கடிப்பார். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரியோ ஏறி இறங்கிக் கடைசியில் இங்கே வந்தபோதுதான் சீக்குக்கு ஒரு பேர் கிடைத்தது. நீளமான பேர், அவளுக்கு வாயில் நுழையவில்லை. நாட்டில் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் வருமாம். தசையெல்லாம் ஓயும், நெஞ்சும் ஒரு தசைதானே, அதுவும் ஓயும். பெரிய டாக்டர் ஒரு தாளில் வட்டமும் கட்டமும் போட்டுக் காட்டினார். கட்டம் ஆம்பளை, வட்டம் பொம்பளை. எல்லாருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டவர் அவளுக்கும் ஆவுடையப்பனுக்கும் நடுவில் மட்டும் ரெண்டு கோடு போட்டார். எதுக்கு சார் ரெண்டு என்று கேட்டாள். சொந்தத்துக்குள்ள கட்டியிருந்தா அப்படிப் போடுறதும்மா என்றார். சொந்தமா. கூடப் பிறந்த அக்கா மகளைக் கட்டினவர் ஆவுடையப்பன். அவள் பிறந்த அன்றைக்கு நாக்கில் சர்க்கரைத் தண்ணி தொட்டுச் சேனை வைத்ததே அவர்தான், அந்தக் கையே பிறகு தாலியும் கட்டியது. மாமா என்று வாய் திறந்து கூப்பிட்ட ஆளையே கட்டியதால் கல்யாணத்துக்குப் பிறகும் கூப்பிடுகிற முறையை மாற்ற வேண்டியதில்லாமல் போனது. அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ரெண்டு கோட்டைப் பார்த்ததும்கூட முதலில் பெருமைதான் வந்தது, மற்றவர்களுக்கு ஒரு கட்டு, எங்களுக்கு ரெண்டு கட்டு என்று. பிறகு டாக்டர் சொன்னார், உங்ககிட்ட ஒரு பாதி ஒளிஞ்சிருந்தது, அவர்கிட்ட ஒரு பாதி ஒளிஞ்சிருந்தது, ரெண்டும் பையன்கிட்ட வந்து சேந்திருச்சு என்று. ஒருத்தர் பேரிலும் தப்பில்லை என்றும் சொன்னார். தப்பில்லை என்று யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தப்பு என்கிற நினைப்பே வந்திருக்காது. ரயிலில் திரும்பி வரும்போது மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் மாமா முகத்தைப் பார்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்து துரை இட்லிக்குச் சட்னி பத்தவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தான்.

தோல் எடுக்கச் சம்மதித்தது அவன்தான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயசு முடிந்துவிட்டது, அவனைத்தான் கேட்டார்கள். இதனால உனக்கு ஒண்ணும் குணமாகாது தம்பி என்று ஒளிக்காமல் சொன்னார்கள். முழங்கைக்கு மேலே ஒரு துவரம்பருப்பு அளவுக்குத்தான் எடுத்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாங்க வந்தவள் இதே ஷைனி. நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, டாக்டரம்மா என்று கூப்பிட்டால், ஐயோ நான் இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்மா என்று கூசுவாள். துரை அவளிடம் கேட்டான், பெட்டியில எம்பேர எழுதுவீகளா என்று. பேர் எழுத மாட்டோம், நம்பர்தான் என்றாள். துரைக்கு நம்பரா, ஜெயில்ல போட்ட மாதிரில்லா இருக்கு என்றான். பிறகு வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சண்முகக்கனியிடம் சொன்னான்: “பாத்தியாம்மா, பள்ளிக்கூடம் போக முடியாதவன ஆராய்ச்சிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நான் போன பொறவும் என்னைய வச்சு வேலை வாங்காம விட மாட்டாங்க.” போன பிறகு என்று அவ்வளவு லேசாகச் சொன்னான். அவள் அதைக் கேட்காத மாதிரி தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்போது அவனுக்கு மெல்ல முடியாமல் போயிருந்தது. குழையப் பிசைந்து, கரண்டி முனையில் எடுத்து, தாடையைப் பிடித்து ஊட்ட வேண்டும், தொண்டையில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இறங்கினால்தான் அவளுக்கு மூச்சு வரும். ராத்திரி பக்கத்தில் படுத்து அவன் நெஞ்சில் காதை வைப்பாள். துடிப்பு நடக்கும், நடக்கும், நின்றுவிடும். அவள் எழுந்து உட்காரப் போவாள், அதற்குள் ரெண்டு அடியைச் சேர்த்து வைத்து ஓடி வந்து பிடித்துக்கொள்ளும். பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தவன் ஓடி ஏறுகிற மாதிரி. அந்த நடை அவள் காதில் இருக்கிறது. இன்றைக்கும் அவளும் மாமாவும் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில் சப்பாத்திக்கு மாவு தட்டும்போது கை தன்னால் அந்த நடைக்குப் போய்விடும். நின்று, பிறகு ரெண்டு தட்டு. மாமா திரும்பிப் பார்ப்பார்.

ஒருநாள் நின்றது நின்றதுதான். அதைப் பற்றி நினைக்கக் கூடாது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எங்கேயோ ஒரு குளிர்பெட்டி உறுமிவிட்டு அடங்கியது. அதை நினைக்க வேண்டாமென்றால் பதினாறாம் நாள் வந்து நிற்கிறது. கூடத்தில் சொந்தக்காரர்கள், நாற்காலியின் மேல் துரை படம், மாமா சந்தன மாலையைக் கவரைப் பிரித்துக் கையில் எடுத்துவிட்டார். படத்துக்கு மாலை ஏறிவிட்டால் பிறகு அது சாமி படம், அந்தப் படத்துக்கு வயசு ஏறாது. அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்கிறது. ஷைனி. பாவம், அவளுக்குத் துரை போன சேதி தெரியாது. குரல் முழுக்கச் சந்தோசம். “அம்மா, துரையோடது இன்னைக்குத் துடிக்க ஆரம்பிச்சிருச்சும்மா, நானே பாத்தேன்.” அந்தப் பருப்பளவு தோலைப் பல மாசமாக வளர்த்து, அதை வந்த வழியே பின்னாடி நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்களாம், வயிற்றில் கரு தங்கின காலத்தில் எப்படி இருந்ததோ அதுவரைக்கும். அங்கே நிறுத்தி, இப்ப நீ நெஞ்சாக வா என்று சொல்லி முன்னாடி நடத்தினார்களாம். வந்துவிட்டது. துடிக்கிறது. சண்முகக்கனி போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து மாமா கையிலிருந்த மாலையைப் பிடித்துக்கொண்டாள். “போடாதீங்க மாமா. எம்பிள்ள அங்க உயிரோட இருக்கான். உயிரோட இருக்கிறவனுக்கு எப்படி மாலை போடுவீங்க?” பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். யாரோ அவள் தலையில் எண்ணெய் தேய்க்க வந்தார்கள். ஆனால் மாமா மாலையைத் திரும்பக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டார். எள்ளும் தண்ணியும் இறைக்கவில்லை, அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கவில்லை. வருசம் முழுக்க அந்தப் படம் வெறும் கழுத்தோடு இருந்தது. போன வாரம்தான் மாமா கடையைச் சாத்திவிட்டு வந்து, சட்டையைக் கழற்றாமலே சொன்னார்: “நீ சொன்ன சொல்லுதான் கனி. உசுரோட இருக்கிறவனுக்குத் தெவசம் குடுக்கக் கூடாது, சரி. அப்ப அதை நிறுத்தச் சொல்லிட்டு வா. அவன் அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம எத்தன நாளு நிப்பான், காலு வேற முடியாதவன்.” கால் முடியாதவன் என்று அவர் சொன்ன பிறகு அவள் சரி என்று தலையாட்டினாள். அங்கே தினம் சாப்பாடு போடுறாங்களாம் மாமா என்று மட்டும் சொன்னாள். அவர் கோபமாக, தட்டில இருக்கிற அழுக்குக்கு எவன் சாப்பாடு போடுவான் என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

எப்படி இருப்பான் உள்ளே. இருட்டுப் பெட்டியில் வைத்திருப்போம், உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவு சூடு வைத்திருப்போம் என்று ஷைனி சொல்லியிருக்கிறாள். இருட்டும் சூடும் என்றதும் இவளுக்கு அடிவயிறு குறுகுறுத்தது. திரும்பவும் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டானா. இந்தத் தடவை இவள் வயிறு இல்லை, இரும்பு வயிறு. கடைக்குத் தினமும் ராத்திரி இவள்தான் தயிருக்கு உறை ஊற்றுவாள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி, இன்றைக்குக் குண்டான் நிறைய. கடை திறந்த புதிதில் பக்கத்து வீட்டு அமுதாவிடம் வாங்கின ஒரு கரண்டிதான் இத்தனை வருசமாக ஓடுகிறது. அமுதா வீட்டைக் காலி செய்து போய்விட்டாள், அவள் மோர் இங்கே இருக்கிறது. அப்படித்தானா. துரை போய்விட்டான், ஒரு கரண்டி இங்கே இருக்கிறதா. ஆனால் ஊற்றின மோரும் மறுநாள் தயிரும் ஒன்றா, அது எங்கே போனது, குண்டானில் எந்த மூலையில் இருக்கிறது, கரண்டியை விட்டுத் தேடி எடுக்க முடியுமா. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. தயிருக்கு வலிக்காது. துரைக்கு வலிக்குமே. நெஞ்சுதானே அது, மூச்சு முட்டும்போது நெஞ்சைத்தானே பிடித்துக்கொள்வான். பிடித்துக்கொள்ளக் கையும் இல்லாமல், யம்மா என்று கூப்பிட வாயும் இல்லாமல், வெறும் நெஞ்சு மட்டும் ஒரு தட்டில் கிடந்து முட்டுகிறதா. ஒரு வருசமாக. அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் மாலையைத் தடுத்தாளே, அது முட்டிக்கொண்டு கிடக்கட்டும் என்றா தடுத்தாள். இந்த நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டாள். நிறுத்திருங்க. இப்போது வார்த்தை வாயில் சரியாக உட்கார்ந்தது. கதவுப் பக்கம் போனாள். கதவு இடுக்கு வழியாக ஷைனியின் குரல் வந்தது. யாரோடோ பேசுகிறாள். “என்னடா, இன்னைக்கும் முரண்டா? நேத்து நல்ல பிள்ளயாத்தானல இருந்த. மருந்து கசக்கோ? கசந்தாலும் குடி. உன்னால நான் ஊருக்குப் போயி மூணு மாசம் ஆவுது தெரியுமா.” உள்ளே வேறு யாரும் இல்லை.

கதவைத் திறந்து வந்த ஷைனிக்கு இவள் அங்கே நிற்பதைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. கேட்டுட்டீங்களாம்மா, தனியா இருக்கிறது, பேச்சுத் துணைக்கு என்னத்தையாவது பேசுவேன் என்றாள். பிறகு, பாக்கணும்னு சொன்னீங்கள்ல, வாங்க என்று பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போனில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பார்க்க வரவில்லை, நிறுத்தச் சொல்ல வந்தேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. கால் பின்னாடியே போனது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி போட்ட தட்டு, அதற்குள் ரோசாப்பூ நிறத்தில் தண்ணி. சாப்பாடு இதுதாம்மா, பழசாயிட்டா மஞ்சளாயிரும், உடனே மாத்தணும் என்றாள். தட்டைப் பூதக்கண்ணாடிக் கருவியின் அடியில் வைத்து, டிவி மாதிரி இருந்த திரையைக் காட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காய்ச்சின பாலில் ஆடை கட்டுகிற மாதிரி மெல்லிசாக ஒன்று தெரிந்தது. அது அசைந்தது. சுருங்கி விரிந்தது. முகம் இல்லை, கை இல்லை, துரையின் ஒரு முடிகூட அதில் இல்லை. நடந்தது, நடந்தது, நின்றுவிட்டது. சண்முகக்கனி மூச்சைப் பிடித்தாள். ரெண்டு அடி சேர்ந்தாற்போல் வைத்து ஓடி வந்து பிடித்துக்கொண்டது. மறுபடியும். நின்றது, ரெண்டு அடி. அவள் கை சேலைமேல் தன்னால் தட்டியது. பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தவன்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. ஷைனி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படி நிக்கிறதுதாம்மா சீக்கு, மத்தவங்களோடது இப்படி நிக்காது, இதுல ஒவ்வொரு மருந்தா ஊத்திப் பாக்கோம், எதுக்காவது நிக்காம நடக்குதான்னு, இதுவரைக்கும் ஒண்ணும் சரியா அமையல, இதே சீக்கு உள்ள ஒரு சின்னப் பாப்பாவை இப்பத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க என்று. அவள் காதில் அதெல்லாம் பிறகுதான் வந்து சேர்ந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இதுக்கு வலிக்குமா பிள்ள?”

ஷைனி திரையை ஒரு தடவை பார்த்தாள், இவளை ஒரு தடவை பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள்.

“இல்லம்மா. வலிக்கணும்னா வலிச்சுதுன்னு தெரியுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல. இங்க ஆள் இல்லம்மா.”

ஆள் இல்லை. எவ்வளவு சின்னப் பேச்சு அது. பெரிய டாக்டர் சொல்லவில்லை, மாமா சொல்லவில்லை, பதினாறுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றிச் சுற்றிப் பேசினார்களே தவிர ஒருத்தரும் சொல்லவில்லை. ஆள் இல்லை. சட்னி பத்தவில்லை என்று சண்டை போட்ட ஆள். நம்பரா என்று சிரித்த ஆள். அந்த ஆள் ஒரு வருசத்துக்கு முன்னாடியே எழுந்து போய்விட்டான், நல்ல காலோடு போனானோ முடியாத காலோடு போனானோ, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் அவனைக் கொன்ற சீக்கு மட்டும் உட்கார்ந்து நொண்டி நொண்டி நடந்துகொண்டிருக்கிறது. அவள் அதைப் பார்த்தா எம்பிள்ளை என்று நினைத்தாள். அதற்காகவா மாலையைப் பிடித்தாள். அழுகை வந்தது. அது பதினாறாம் நாளே வந்திருக்க வேண்டிய அழுகை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஷைனி தட்டை எடுத்து மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்து, அவள் தோளைத் தொட்டாள். எங்க ஊர்ல நவம்பர் மாசம் கல்லறைத் திருநாள் வரும்மா, எல்லாரும் போயி மெழுகுவர்த்தி ஏத்துவோம், போன வருசம் துரைக்கும் ஒண்ணு ஏத்துனேன், சொன்னா தப்பா நினைப்பீங்களோன்னு சொல்லல என்றாள். கல்லறையே இல்லாதவனுக்கு எங்கே ஏற்றினாள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

கேட்டது வேறு. “நாளைக் கழிச்சு யாரு சாப்பாடு போடுவா?”

“நான்தாம்மா. தீபாவளிக்கும் நான்தான்.”

சரி என்றாள் சண்முகக்கனி. வாய்க்குள் உருண்டுகொண்டிருந்த வார்த்தை எப்போது கரைந்தது என்று தெரியவில்லை. கீழே இறங்கி வந்தாள். காவலுக்கு இருந்தவரிடம் தண்ணியை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, கடலைமிட்டாயை அவரிடமே கொடுத்து, மேல ஷைனின்னு ஒரு பிள்ள இருக்கு, வேலை முடிஞ்சு இறங்கும்போது குடுங்க என்றாள். வாசல் வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டாள். ஒரே மணியில் எடுத்தார் மாமா. கடைச் சத்தம் கேட்டது, கல்லில் கரண்டி உரசுகிற சத்தம்.

“சொல்லிட்டியா கனி?”

“துரை இங்க இல்ல மாமா.”

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. அவள் மெதுவாகச் சொன்னாள், பீரோவில் இருக்கிற மாலையை எடுத்துத் தூசி தட்டி வையுங்க, நாளைக் கழிச்சு நீங்களே உங்க கையால போடுங்க, வாழைக்காய் வாங்கிப் போடுங்க, அவனுக்கு வாழைக்காய் வறுவல்தான் பிடிக்கும், காக்காய்க்கும் அதையே வைப்போம் என்று. அவர் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். பிறகு கேட்டார்:

“அப்ப அங்க இருக்கிறது?”

“அது அவன் சீக்கு மாமா. என் காதாலயே அடையாளம் தெரிஞ்சிருச்சு, அதே நொண்டி நடை. இந்தப் பிள்ளைங்க அதைப் பிடிச்சு உள்ள வச்சிருக்காங்க. வச்சு விசாரிக்காங்க. விசாரிக்கட்டும். நாம எதுக்கு ஜாமீன்ல எடுக்கணும்?”

மாமா சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதானா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கடையில் யாரோ இன்னொரு புரோட்டா கேட்டார்கள். அப்புறம் தூங்கி எழுந்தவர் மாதிரி, ராத்திரி உறை ஊத்த மோர் எதுல வச்சிருக்க என்று கேட்டார். சின்னத் தூக்குச் சட்டியில், ஜன்னல் ஓரம் என்றாள். சரி, பாத்து வா, ரயிலில் வெறும் வயிற்றோட வராத என்றார். வைக்கப் போகிறார் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

“கனி.”

“சொல்லுங்க மாமா.”

“அதுக்கு இன்னைக்குச் சாப்பாடு போட்டாச்சா?”

“போட்டாச்சு மாமா,” என்றாள் சண்முகக்கனி. “இப்பத்தான் போட்டுது அந்தப் பிள்ள.”